உடன்குடி ஆர்டரும் ஓடுகிற பங்கும்

உடன்குடி என்றால் கருப்பட்டி. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கருப்பட்டி வியாபாரத்தின் கணக்கு எளியது. பதநீர்ப் பருவத்தில் வரத்து மிகுந்து விலை இறங்கும்போது வாங்கி இருப்பு வைப்பார்கள். வரத்து நின்றதும் விற்பார்கள். விலை ஏறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகச் சரக்கு எடுக்கச் சொன்னால் எந்த வியாபாரியும் சிரித்துவிடுவார்.

பங்குச் சந்தையின் மொமென்டம் முறை அதைத்தான் செய்யச் சொல்கிறது. கடந்த ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நன்றாக ஏறிய பங்கை வாங்கு, பின்தங்கியதை விற்றுவிடு. கம்பெனியின் லாபம், கடன் எதையும் பார்க்க வேண்டாம். விலையின் போக்கு போதும்.

இதைக் குருட்டாம்போக்கு என்று தள்ளிவிட முடியாது. நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, 1965 முதல் 1989 வரையிலான அமெரிக்கச் சந்தையை அலசியது. ஆறு மாதம் ஏறியவற்றை வாங்கி, இறங்கியவற்றைக் கடன் வாங்கி (ஷார்ட்) விற்று, ஆறு மாதம் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 சதவீதம் உபரி வருமானம் கிடைத்திருக்கும் என்று கண்டார்கள். நல்ல செய்தி விலையில் முழுதாக ஏறக் காலம் பிடிக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். லாபத்தில் இருப்பதை அவசரமாக விற்றுவிட்டு, நட்டத்தில் இருப்பதைக் கட்டிக்கொண்டு அழும் மனித சுபாவம் இன்னொன்று.

அந்தச் சுபாவம் என்ன விலை கேட்கும் என்பதற்கு உடன்குடியிலேயே சான்று இருக்கிறது. ஊருக்கு அருகே கல்லாமொழியில் தலா 660 மெகாவாட் திறனில் இரண்டு அலகுகள் கொண்ட அனல்மின் நிலையம் கட்டும் ஆர்டர், 2017 டிசம்பரில் பெல் நிறுவனத்துக்குக் கிடைத்தது. மதிப்பு 7,300 கோடி ரூபாய்க்கு மேல். திருச்சியில் பெரிய கொதிகலன் ஆலை வைத்திருக்கும் அரசு நிறுவனம், கையில் கொழுத்த ஆர்டர். பங்கு வாங்க இதைவிட என்ன காரணம் வேண்டும்? அப்போது விலை நூறு ரூபாயை ஒட்டி இருந்தது. 2020 மார்ச்சில் அது 20 ரூபாய் அளவுக்குச் சரிந்தது. விலை இறங்க இறங்க மேலும் வாங்கி ‘ஆவரேஜ்’ பண்ணியவர் நட்டத்தைத்தான் பெருக்கினார். மொமென்டம் விதியைப் பின்பற்றியவருக்கு அந்தச் சரிவில் பெரும்பகுதி பட்டிருக்காது. செய்தி நல்லதாக இருந்தும் விலை இறங்கிக்கொண்டே இருந்ததே அவருக்குப் போதிய எச்சரிக்கை. இந்த முறையின் பெரிய பலம், எதை வாங்கலாம் என்பதைவிட எதைத் தொடக் கூடாது என்று சொல்வதில் இருக்கிறது.

பிறகு காற்று திரும்பியது. 2023 தொடக்கத்தில் 80 ரூபாயை ஒட்டி இருந்த பெல், ஆண்டு முடிவில் 190ஐத் தாண்டியது. வேடிக்கை என்னவென்றால், 2023-24 நிதியாண்டில் நிறுவனத்தின் லாபம் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. லாபத்தைப் பார்த்தவர் வெளியே நின்றார், விலையைப் பார்த்தவர் சம்பாதித்தார்.

ஆனால் 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாளில், நிஃப்டி ஏறத்தாழ 6 சதவீதம் விழ, பெல் ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தது. குறித்த விலைக்குக் கீழே போனால் தானாக விற்கும்படி ஸ்டாப்லாஸ் போட்டிருந்தவர் அடிமட்டத்தில் வெளியேறினார். அடுத்த மாதமே பங்கு 335 ரூபாயைத் தொட்டது. ‘ஓடுகிறது’ என்று அங்கே ஏறியவர், 2025 மார்ச்சில் 180க்கும் கீழே பார்த்தார். ஒரே பங்கு, ஒரே விதி. ஒன்பது மாதத்தில் இரண்டு முறை அடி.

திருப்புமுனைதான் இந்த முறையின் எமன். 2009 மார்ச் முதல் மே வரை அமெரிக்கச் சந்தை மீண்டபோது, மிகவும் பின்தங்கியிருந்த பங்குகள் 163 சதவீதம் எழுந்தன. முன்னணியில் இருந்தவை 8 சதவீதம்தான். டேனியலும் மாஸ்கோவிட்ஸும் செய்த ஆய்வின் கணக்கு இது.

ஜெகதீஷும் டிட்மனும் சோதித்தது பங்குகளின் பெரிய கூடையை. டீக்கடையில் காதில் விழுந்த ஒற்றைப் பெயரை அல்ல. 2020இல் வந்த நிஃப்டி200 மொமென்டம் 30 குறியீடும் அப்படித்தான். ஆறு மாத, பன்னிரண்டு மாத ஏற்றத்தை விலையின் ஆட்டத்தோடு சீர்தூக்கி முப்பது பங்குகளைப் பொறுக்கி, ஜூனிலும் டிசம்பரிலும் மாற்றியமைக்கிறது. அதைப் பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்டுகள் இருக்கின்றன.

சொந்தக் கையால் ஆறு மாதத்துக்கொரு முறை இதைச் செய்ய நினைப்பவர் வரியையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓராண்டுக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதம் வரி, முன்பு 15. வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதப் பரிவர்த்தனை வரி தனி. ஒற்றைப் பங்கை சார்ட் பார்த்துத் துரத்தும் சிறு முதலீட்டாளருக்கு இந்தச் செலவுகளுக்குப் பிறகு மிஞ்சுவது சொற்பம். அவர் ஃபண்டை வாங்கிவிட்டு, பின்தங்கியதை விற்கும் பழக்கத்தை மட்டும் இந்த முறையிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.