தருக்க நிரலில் மறுப்பு: எந்தப் பொருள்கோள் தேறும்?

மறுப்பு இல்லாத தருக்க நிரலின் பொருளில் வழக்கே இல்லை. விதிகளிலிருந்து பெறக்கூடியது மெய், மற்றது பொய். வான் எம்டனும் கோவால்ஸ்கியும் 1976-இல் இதைத் தெளிவாக நிறுவிவிட்டனர். விதிக்குள் 'இல்லை' நுழைந்ததும்தான் சிக்கல்.

'இருந்தால்' என்பதை 'இருந்தால் மட்டுமே' என்றும் சேர்த்துப் படிக்கச் சொன்னார் கீத் கிளார்க் (1978). நேர்த்தியான வழிதான். ஆனால் 'ப மெய்யானால் ப மெய்' என்ற ஒற்றை விதியில், ஆதாரமே இல்லாத ப மெய்யாக இருக்கவும் அது இடம் தருகிறது. இந்தக் குறை சிறியதல்ல.

1988-இல் இரண்டு விடைகள் வந்தன. கெல்ஃபாண்டும் லிஃப்ஷிட்ஸும் நிலைமாதிரிகளை முன்வைத்தனர்: எவை மெய் என ஊகித்து, அதன்படி மறுப்புகளைத் தீர்த்தால், விதிகள் அதே தொகுப்பையே திரும்பத் தரவேண்டும். அவை பல இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். வான் கெல்டர், ராஸ், ஷ்லிஃப் ஆகியோரின் 'நன்கு நிறுவிய பொருள்கோள்' எப்போதும் ஒரே மாதிரியைத் தரும். முடிவு காண முடியாதவற்றை 'தீர்மானமற்றது' என விடும்.

ஓர் ஆட்டத்தை வைத்துச் சோதிப்போம். நகர வழியில்லாதவர் தோற்பார். விதி ஒன்றே: வெற்றியிடம் அல்லாத ஓர் இடத்துக்கு நகர முடிந்தால், நிற்கும் இடம் வெற்றியிடம். அ-விலிருந்து ஆ-வுக்கும், ஆ-விலிருந்து அ-வுக்கும் மட்டுமே வழி உண்டென்றால் ஆட்டம் முடியாது, அது சமநிலை. நிலைமாதிரிகளோ இரண்டு: ஒன்றில் அ வெற்றியிடம், மற்றதில் ஆ. இரண்டும் தவறு. நன்கு நிறுவிய பொருள்கோள் அ, ஆ இரண்டையும் தீர்மானமற்றவை என்கிறது. சமநிலை என்பதும் அதுவே. மூன்று இடங்கள் வட்டமாக அமைந்தால் நிலைமாதிரியே இல்லை. அதனால் வட்டத்தோடு தொடர்பற்ற மூலையில் உறுதியாகக் கிடைக்கும் வெற்றியும் பொருளிழக்கிறது.

எதிர்வாதமும் வலுவானது. 'க இல்லையேல் ங, ங இல்லையேல் க. எது இருந்தாலும் ச' என்ற நிரலில் ச மெய் என்பதே இயல்பான முடிவு. நிலைமாதிரிகள் அதைத் தருகின்றன; நன்கு நிறுவிய பொருள்கோள் தயங்கி நின்றுவிடுகிறது. வரைபடத்துக்கு வண்ணமிடுதல், கால அட்டவணை போன்ற தேர்வுச் சிக்கல்களில் ஒவ்வொரு நிலைமாதிரியும் ஒரு தீர்வாகிறது. அந்தப் பயனை மறுக்க முடியாது. ஆனால் மாறிகளற்ற நிரலுக்கு நிலைமாதிரி உண்டா என்று கேட்பதே என்பி-முழுமையான சிக்கல். நன்கு நிறுவிய மாதிரியைப் பல்லுறுப்பு நேரத்தில் கணித்துவிடலாம். அந்த மாதிரியில் மெய்யாக இருப்பது எல்லா நிலைமாதிரிகளிலும் மெய்.

ஆகவே தேடலுக்கு நிலைமாதிரி சிறந்த கருவி. மறுப்புள்ள வரையறையின் பொருள் எது என்று கேட்டால், நன்கு நிறுவிய பொருள்கோளே தேறுகிறது.