சக்கரம் சொல்லும் சேதி

பழைய காரில் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்தால், எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டர் பெட்டியை மாற்றச் சொல்பவரை நான் நம்புவதில்லை. கைதேர்ந்த மெக்கானிக் முதலில் ஜாக்கி வைப்பார். சக்கர வேக சென்சாரின் வயரில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுவார். அந்தக்கால சென்சாருக்குள் இருப்பது காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும்தான். சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கையில் சின்ன மின்துடிப்பு பிறக்கும். வேகமாகச் சுற்றினால் வோல்ட்டும் கூடும். பேட்டரியின் தயவில்லாமல் சக்கரம் தானே பேசுகிறதே, என்ன அழகு!

மூன்று சக்கரங்கள் பேசி ஒன்று முணுமுணுத்தால் அங்கே தேட வேண்டும். வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் பெடல் அதிர்ந்தால், வளையத்தில் விரிசலா என்று டார்ச் அடிப்பார். இன்று வந்த வண்டியில் துருதான். உப்புத்தாளால் தேய்த்து, சென்சாரைப் பொருத்தி, மறுபடி சுற்றுகிறார். எண் ஏறுகிறது.