ஒல்லி நாவல்களோடு ஒரு மழைக்காலம்

போன ஐப்பசி தொடங்கித் தை பிறக்கும் வரை ஒல்லியான தமிழ் நாவல்களை மட்டுமே வாசிப்பது என்று வைத்துக்கொண்டேன். இருநூறு பக்கத்தை ஒட்டியவை, அதற்கும் குறைந்தவை. சிலவற்றை அப்போதுதான் முதன்முறையாக எடுத்தேன். மற்றவை கல்லூரி நாட்களில் வாசித்து, கதை மட்டும் மனதில் தங்கியவை. பாகம் பாகமாக விரியும் நாவல்களுக்கு நம்மிடம் தனி மரியாதை உண்டு. 'பொன்னியின் செல்வ'னை முடித்தவரை ஊரே பாராட்டும். ஆனால் நம் நாவல் தொட்ட உயரங்களில் பாதிக்கு மேல் இந்த மெல்லிய புத்தகங்களில்தான் இருக்கிறது என்று இப்போது தயங்காமல் சொல்வேன்.

அடுத்தடுத்து வாசித்ததில் ஒரு பொதுக்குணம் பிடிபட்டது. இந்த எழுத்தாளர்கள் துயரத்தை நேராக எடுத்து விவரிப்பது குறைவு. பாத்திரங்களின் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். கை அந்த வேலையில் இருக்கும், வாய் வேறு எதையோ பேசும், உள்ளே கிடப்பது நமக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) இந்தக் கணக்கில் முழுதாக அடங்காது. அவர் பேச்சைத் தாராளமாக ஓடவிடுகிறவர், மனதுக்குள்ளும் நம்மைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறவர். வேத பாடசாலையில் படிப்பை முடித்துவிட்டுச் சென்னை வீட்டுக்கு வரும் அப்பு, அம்மா அலங்காரத்துக்கு இருக்கும் வெளி உறவைப் பற்றி அறிந்துகொள்ளும் பகுதிகளைத்தான் எல்லோரும் பேசுவார்கள். இந்த முறை என்னை நிறுத்தியவர் அப்பா தண்டபாணி. ப்ரூஃப் திருத்துவார், ஜாதகம் பார்ப்பார். ஊரார் வாழ்க்கையைக் கட்டம் போட்டுச் சொல்லும் மனிதர், தன் வீட்டில் நடப்பது அத்தனையும் தெரிந்து, அதே கூரையின் கீழ் இருந்துகொண்டிருக்கிறார். இளவயதில் வாசித்தபோது அவரைக் கையாலாகாதவர் என்று கடந்து போயிருந்தேன். அந்தப் பொறுமைக்குள் எத்தனை எரிகிறது என்பது இப்போதுதான் உறைத்தது.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' கணையாழியில் தொடராக வந்து, 1973இல் நூலானது. சென்னையின் ஒரு தெரு, வறண்ட குழாய்கள், குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பெண்கள், தோண்டிப் போட்ட சாலை, குடிக்கிற தண்ணீரில் கலந்துவிடும் சாக்கடை. இவற்றுக்கு நடுவே சினிமா ஆசையில் ஏமாந்துபோன ஜமுனா, அவள் தங்கை சாயா. இந்த நாவலில் தண்ணீரை வாழ்க்கையின் வறட்சிக்குக் குறியீடாக வைத்து எழுதப்பட்டவை நிறைய. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இதில் தண்ணீர் முதலில் தண்ணீர்தான். அடிபம்பை அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோவதும், நிறைந்த குடத்தின் கனமும், அடுத்த வீட்டுக்காரரிடம் போய் நிற்கும் கூச்சமும் அவ்வளவு துல்லியமாக இருப்பதால்தான் மற்ற அர்த்தங்கள் தாமாக வந்து சேர்கின்றன.

அதே தெருவில் இருக்கும் டீச்சரம்மா வரும் பகுதியை மட்டும் மூன்று நான்கு முறை திருப்பிப் படித்தேன். நொறுங்கிப் போயிருக்கும் ஜமுனாவுக்கு அவள் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்வதில்லை. தன் கல்யாணக் கதையை, நோயாளிக் கணவனை, மாமியாரைப் பற்றிச் சொல்கிறாள். கண்ணீரை வரவழைக்கும் உத்தேசம் அந்தப் பேச்சில் கொஞ்சமும் இல்லை. கேட்டு முடிக்கும்போது ஜமுனாவின் துக்கம் மறையவில்லை. ஆனால் அதன் அளவு அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. இப்படி ஒரு காட்சியை எழுதிவிட்டு, ஒரு வார்த்தைகூட விளக்கம் சேர்க்காமல் அடுத்த நாள் தண்ணீர்க் கவலைக்குப் போய்விட அசோகமித்திரனால்தான் முடியும்.

ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974) ஒரே நாளின் கதை. நாகராஜன் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அந்தச் சிக்கனம் எழுத்திலும் உண்டு. தேவையில்லாத ஒரு படியும் கிடையாது. நாயகன் கந்தனை அவர் நியாயப்படுத்துவதில்லை, அவன்மேல் பரிதாபப்படச் சொல்வதுமில்லை. தனக்குப் பிறகு மனைவி மீனாவுக்கு ஒரு வழி செய்துவிட வேண்டும் என்ற அவனுடைய கவலையையும், அவன் அன்றாடம் செய்யும் மற்றக் காரியங்களையும் ஒரே குரலில் சொல்கிறார். அந்தக் குரல் எங்கும் உயராததுதான் இந்த நாவலின் பெரும் பலம்.

மார்கழியில் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மா'ளுக்கு வந்தேன். 1942இல் வெளிவந்தது. எழுதியவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட நிறைந்ததோ என்னவோ. கொங்குநாட்டுக் குடியானவர் பேச்சை இப்படிக் கூச்சமில்லாமல் நாவலுக்குள் கொண்டுவர அன்றைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! இளம் விதவை நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். கேட்பது அவளுடைய உரிமை. அவளைத் தூண்டிவிடும் கெட்டியப்பன் நல்லவனல்ல. சின்னப்பனும் அவன் மனைவி காளியம்மாளும் கெட்டவர்களல்ல. எவர் பக்கமும் சாய்ந்துகொள்ள முடியாமல் வாசகரை நடுவில் நிறுத்துகிற இந்த வித்தை, அதற்குப் பிறகு வந்த எத்தனையோ கிராம நாவல்களுக்குக் கைவரவில்லை. சில இடங்களில் ஆசிரியர் குறுக்கே வந்து வாசகரிடம் பேசிவிடுகிறார். அது அந்தக் காலத்து வழக்கம். முடிவில் சின்னப்பன் கொலையாவது திடுதிப்பென்று நடந்துவிடுகிறது. இதை அவசரம் என்பாருண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரப்புத் தகராறு மாதக்கணக்கில் புகையும், வெட்டு ஒரு நொடியில் விழும்.

அதை மூடிய கையோடு பூமணியின் 'வெக்கை'யை (1982) எடுத்தது என் அதிர்ஷ்டம். இரண்டுக்கும் நடுவே நாற்பது வருஷம், கொங்குமண் போய்க் கரிசல்மண். சண்முகசுந்தரம் நிலத்துக்காக விழுந்த ஒரு கொலையில் முடித்தார். பூமணியோ கொலை முடிந்த நொடியில் தொடங்குகிறார். பதினைந்து வயது சிதம்பரம் வடக்கூரானின் கையை வெட்டத்தான் போனான். உயிரே போய்விட்டது. அந்த வடக்கூரான் சிதம்பரத்தின் அண்ணனைக் கொன்றவன், குடும்பத்தின் நிலத்தின்மேல் கண் வைத்தவன் என்பதெல்லாம் பின்னால் துணுக்குத் துணுக்காகத் தெரியவரும்.

பிறகு அய்யாவும் மகனுமாக எட்டு நாள் தலைமறைவு. போலீஸ் துரத்தலை வைத்து எவ்வளவோ பரபரப்புச் செய்திருக்கலாம். பூமணி அந்தப் பக்கமே போகவில்லை. இன்றைக்கு எங்கே படுப்பது, தண்ணீருக்கு எந்தப் பக்கம் இறங்குவது, பசிக்கு எதைச் சுடுவது, எதை வேகவைப்பது என்றே பக்கங்கள் நகர்கின்றன. கொலை செய்துவிட்டு வந்த மகனிடம் தகப்பன் என்ன பேசுவான்? அய்யா அவனைக் கண்டிப்பதில்லை, தட்டிக்கொடுப்பதுமில்லை. பசிக்கிறதா என்கிறார், தூங்கு என்கிறார். சமைக்கும்போதும் நடக்கும்போதும் பழைய கதைகள் வருகின்றன. பையன் ஆத்தாவை நினைத்துக்கொள்கிறான். ஒரு முழுக் குடும்பமும் அந்த இருவரின் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பாசம் என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

2019இல் வெற்றிமாறன் இதை 'அசுரன்' ஆக்கினார். நல்ல படம். ஆனால் அது தகப்பனின் வீரக்கதையாக வளர்ந்துவிட்டது. நாவல் பையனின் கண்ணை விட்டு நகர்வதே இல்லை. படம் பார்த்தவர்கள் கதை தெரியும் என்று நாவலை ஒதுக்கிவிட வேண்டாம். இருட்டில் அய்யா நடக்கும் தடத்திலேயே கால் வைத்து நடக்கும் ஒரு சிறுவன், பொழுது விடியும்போது என்ன சாப்பிடுவது என்று யோசிக்கிறான். கோர்ட்டில் சரணடையக் கிளம்பும் நாள் வரைக்கும் கதை அவ்வளவுதான். இவ்வளவு குறைந்த பொருளை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய நாவலைத் தமிழில் வேறு யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.