இரட்சணிய யாத்திரிகத்தில் துன்பமும் கிறித்துவை நோக்கிய பார்வையும்

ஆய்வுச் சுருக்கம்

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியனின் பில்கிரிம்ஸ் புரோகிரஸ் என்னும் உருவகக் கதையைத் தழுவி எழுந்த காப்பியமாகும். மூலநூலில் சில வரிகளில் முடியும் சிலுவைக் காட்சிக்கு மாறாக, கிறித்துவின் பாடுகள் இக்காப்பியத்தில் விரிவாகப் பாடப்படுகின்றன. இவ்விரிவு, பயணியின் துன்பங்களுக்குப் பொருள்கொள்ளும் முறையை மாற்றியமைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், கிருஷ்ணபிள்ளை, பனியன், உருவகக் காப்பியம், பாசம், துன்பம்.

முன்னுரை

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை (1827–1900), 1858இல் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்தவரானார். 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் 3766 பாடல்களையும், ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என்னும் ஐந்து பகுதிகளையும் உடையது. ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் அடைமொழி இவரது சொல்லாட்சியையும் விருத்தப் போக்கையும் முன்னிறுத்துவது. அவ்வடைமொழியோடு மதிப்பீடு நின்றுவிடும்போது, மூலத்திலிருந்து அவர் விலகிய இடங்களின் உட்பொருள் கவனம் பெறுவதில்லை.

மூலநூலில் பார்வையின் இடம்

பனியன் 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டில் சிறைப்பட்டிருந்தவர். அவரது நூலின் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. அழிவின் நகரத்தை விட்டு வானகரை நோக்கி நடக்கும் பயணியின் முதுகுச்சுமை, சிலுவையைக் கண்டவுடன் தானே கழன்று விழுகிறது. எனினும் துன்பம் அத்துடன் முடிவதில்லை. மலையேற்றத்தின் இடையே உறங்கித் தன் சுருளை இழக்கிறான். ஐயக்கோட்டையில் அடைபட்டு, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பதை மறந்து வாடுகிறான். இறுதி ஆற்றில் மூழ்கும் நிலையில், தோழனின் ஊக்கத்தால் கிறித்துவை மீண்டும் காண்பதாகக் கூறித் தேறுகிறான். இழத்தலும் மீண்டும் அடைதலுமாக இப்பார்வை அமைகிறது. இங்கு நம்பிக்கை பெரிதும் நினைவின் செயல். நினைவு தவறுமிடத்தில் துன்பம் வலுப்பெறுகிறது.

பாடுகளின் விரிவு

கிருஷ்ணபிள்ளை இரண்டாவதான குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, இயேசு பிடிக்கப்பட்டதையும் இகழப்பட்டதையும் காட்சிகளாக விரிக்கிறார். இதன் அமைப்புமுறை கருதத்தக்கது. எஞ்சிய மூன்று பருவங்களில் பயணி எதிர்கொள்ளும் இடர்கள் யாவும், பாடுகளை முன்பே அறிந்துவிட்ட வாசகரிடமே வந்து சேர்கின்றன. ஓட்டத்தில் சோர்ந்துபோகாதிருக்க, சிலுவையைச் சகித்த இயேசுவை நோக்குமாறு எபிரெயர் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் அறிவுறுத்துகிறது. அவ்வறிவுரையைக் கிருஷ்ணபிள்ளை காப்பியத்தின் அமைப்பாகவே ஆக்கிவிடுகிறார் எனலாம்.

கட்டுண்ட நிலையைப் பாடுமிடத்தில் ‘பாசம்’ என்னும் சொல் இருபொருள் தருகிறது. பகைவரின் கயிறு அவரைக் கட்டவில்லை. அம்மக்கள்மீது கொண்ட அன்பே கட்டியது என்பது கருத்து. கயிற்றையும் அன்பையும் ஒருங்கே குறிக்கும் இச்சொல், சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிணிக்கும் தளையையும் குறிக்கும். உயிர் நீங்க வேண்டிய தளையாகத் தமிழ்ச் சமயமரபு பேசிய சொல், இங்கு இறைமகன் தானே ஏற்கும் பிணிப்பாகிறது. ஆங்கில மூலத்தில் இதற்கு இணையில்லை. தமிழ்ச் சொல்லின் பொருள்வளமே இவ்விளக்கத்தைச் சாத்தியமாக்குகிறது.

அக்கொடுமையைக் கண்ட மக்கள், மண் பிளக்கவில்லையே, வானம் இடியவில்லையே, கடல் வற்றவில்லையே எனப் புலம்புகின்றனர். துன்புறுவோர் யாவரும் எழுப்பும் கேள்வி இது: நீதியற்றது நிகழும்போது உலகம் ஏன் வாளா இருக்கிறது? காப்பியம் அற்புதம் ஒன்றைக் காட்டி இதற்கு விடை கூறுவதில்லை. துன்புறுபவரின் பொறுமையே விடையின் இடத்தில் நிற்கிறது. ஆகவே கிறித்துவை நோக்குதல் என்பது துன்பத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் அன்று. பார்க்கப்படுபவரே துன்பத்தின் நடுவில் நிற்பதால், அவரைப் பார்ப்பவர் துன்பத்தையும் பார்த்தே ஆகவேண்டும்.

தேவாரமும் முன்னிலைக் கூற்றும்

காப்பியத்தினிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாக்கள் இடம்பெறுகின்றன. படர்க்கையில் நகரும் கதை அவ்விடங்களில் முன்னிலை வேண்டுதலாக மாறுகிறது. பனியனின் பயணியும் பாடுகிறான். ஆயினும் அவன் பாடல்கள் பெரும்பாலும் நடந்ததைத் தொகுத்துக் கூறுவன. தேவார வடிவமோ, இறைவனை நேர்நின்று விளிக்கும் பக்தி மரபைத் தன்னுடன் கொண்டுவருகிறது. நினைவு கூர்தலாக இருந்த நம்பிக்கை இங்கு உரையாடலாகிறது.

விரிவின் விலை

இம்மாற்றம் இழப்பின்றி நிகழவில்லை. பாடுகளின் விரிவில் கதையோட்டம் தளர்கிறது. பனியனின் பயணியிடம் காணும் தடுமாற்றமும் தனிமனிதத் தன்மையும், காப்பியத்தின் செறிந்த வருணனைகளுக்கிடையே மங்குகின்றன. தன் மறதியால் தானே சிறைப்பட்டிருப்பதை உணரும் மனிதனின் நாணத்தை எளிய உரைநடை காட்டிய அளவுக்கு, விருத்தத்தின் பெருமித நடை காட்ட இயலுமா என்பது ஐயத்திற்குரியது. கிறித்துவின் பொறுமை முழு ஒளி பெறுமிடத்தில், பொறுமையிழக்கும் எளிய அடியவனுக்குரிய இடம் சுருங்கிவிடுகிறது. இக்குறையைத் தேவாரப் பாக்கள் ஓரளவு ஈடுசெய்கின்றன. அவற்றில் கேட்பது வெற்றிபெற்றவனின் குரலன்று, இரக்கம் வேண்டுபவனின் குரல்.

முடிவுரை

இரட்சணிய யாத்திரிகத்தைத் தழுவல் என வகைப்படுத்துவது அதன் கதைக்கூறுகளுக்குப் பொருந்தும். அதன் மையத்திற்குப் பொருந்தாது. பனியனிடம் வழியே முதன்மை பெறுகிறது. கிருஷ்ணபிள்ளையிடம் அவ்வழியில் நோக்கப்படுபவர் முதன்மை பெறுகிறார். இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டு பிற்பருவங்களின் துன்பக் காட்சிகளைக் குமார பருவத்துடன் ஒப்பிட்டு ஆராய்வது, இக்காப்பியத்தை அதன் மூலநூலின் நிழலிலிருந்து விடுவித்து மதிப்பிட வழிவகுக்கும்.