டீசல் ஜென்னின் தடதடப்பு

கோயம்புத்தூரில் புதுக் கார் வாங்கியவரிடம் நிறத்தையா கேட்பார்கள்? "லிட்டருக்கு எத்தன குடுக்குதுங்க?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கென்றே பிறந்தது மாருதி ஜென் டீசல். 1990-களின் கடைசியில், 993 சிசி பெட்ரோல் என்ஜின் இருந்த சின்ன உடம்புக்குள் பிரான்சின் பெஜோ 1,527 சிசி டீசல் என்ஜினை வைத்தார்கள். டர்போ கிடையாது. வில்வண்டியில் காங்கேயம் காளையைப் பூட்டியது மாதிரி.

பெட்ரோல் என்ஜின் மெதுவாக ஓடும்போது, பாதி மூடிய த்ராட்டில் வழியே காற்றை இழுக்கவே கொஞ்சம் சக்தி போய்விடும். டீசலில் அந்த நெரிப்பு இல்லை; அமுக்கமும் அதிகம். வண்டி எடையும் குறைவு என்றால் மைலேஜுக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் அந்த என்ஜினால் வண்டியின் மூக்கு மட்டும் கனம்தான். சிக்னலில் நின்றால் கண்ணாடியெல்லாம் அதிரும். எனக்கென்னவோ அந்த அதிர்வு பிடிக்கும்.

குறைந்த எடை மைலேஜுக்கு மட்டுமல்ல. இதே கோயம்புத்தூர்க்காரரான பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவரதன், மாருதி 800-இன் 796 சிசி என்ஜினை எடை குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தினார். அவர் தேடியது வேகம். செட்டிபாளையத்தில் அவர் பெயர் தாங்கிய பந்தயத் தடத்தில் மைலேஜ் கேட்பார் யாருமில்லை.