மார்க்கோனியும் போஸும் நம் கதாசிரியர்களும்

ரேடியோவின் சரித்திரத்தை நம்மவர்கள் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். மார்க்கோனி கண்டுபிடித்தார் என்பது பழைய கதை. போஸ் கண்டுபிடித்தார், மார்க்கோனி கவர்ந்துகொண்டார் என்பது புதிய கதை. பார்க்கப்போனால் இரண்டும் ஒரே கதைதான். நாயகன் நாற்காலியில் ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவே. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆட்சேபம் உண்டு. வில்லன் ஒருவன் கிடைத்தவுடன் ஆசிரியர் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்.

நடந்தது இதைவிடச் சுவையானது. ஹெர்ட்ஸ் 1888-க்குள் மின்காந்த அலைகளைச் சோதனையில் காட்டிவிட்டார். 1890-ல் பிரான்லி, கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளை அடைத்து ஒரு கருவி செய்தார். அலை பட்டால் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்துக்கு வழிவிடும். அடுத்த அலையை அறியக் குழாயைத் தட்டித் தூளைக் கலைக்க வேண்டும். லாட்ஜும் போபோவும் அதை வைத்துக்கொண்டு மேலே போனார்கள். ஜகதீச சந்திர போஸ் 1895-ல் கல்கத்தாவில் கம்பியில்லாமலே தூரத்திலிருந்து மணி அடித்துக் காட்டினார். 1899-ல் பாதரசத்தைக் கொண்டு அவர் செய்த கருவியைப் பற்றிய கட்டுரை ராயல் சொஸைடியில் வெளியாயிற்று. 1901 டிசம்பர் 12-ல் மார்க்கோனி அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த சமிக்ஞையைக் கேட்டதாகச் சொன்னபோது அவரிடம் இருந்ததும் ஒரு பாதரசக் கருவி. இத்தாலியக் கடற்படை வழியாக வந்தது.

போஸுக்கு அலையின் இயல்பு தெரிய வேண்டும். மார்க்கோனிக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். இரண்டு ஆசைகளும் பொய்யல்ல. இவை மோதுகிற இடத்தில் ஒரு நல்ல நாவலே இருக்கிறது. நம் ஆசிரியர்கள் அங்கே திருட்டு வழக்கு ஒன்றை எழுதிவிட்டுப் போகிறார்கள். போஸுக்கு அது பெருமை ஆகாது. நண்பர்கள் வற்புறுத்தலால் 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை ஒன்றைப் பெற்றபிறகும் அதைக் காசாக்க மனமில்லாதிருந்தவர் அவர்.

இன்னொரு குறை. கல்கத்தா வரை போகிறவர்கள் சென்னையில் இறங்குவதில்லை. ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, ஜூலை 31-ல் ஒலிபரப்பவும் செய்தார். நாற்பது வாட் கருவி. ஒரு சாதாரண பல்புக்குப் போதுமான சக்தி. பணமில்லாமல் 1927-ல் நின்றது. 1930-ல் சென்னைக் கார்ப்பரேஷன் அந்தப் பணியை ஏற்று நடத்தியது. திருச்சி நிலையம் 1939-ல் வந்தது. பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி ஜில்லாவில் இருந்தவை. மின்சாரம் எட்டாத கிராமங்களில் பாட்டரி ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து விவசாயிகள் கேட்டார்கள்.

அந்த ஊர்ப் பையன் ஒருவன் இன்று ரேடியோவைப் பற்றித் தமிழில் படித்தால் இத்தாலியும் வங்காளமும் தெரியவரும். தன் ஊருக்குக் குரல் வந்த வழி தெரியாது. திருட்டுக் கதைக்குச் செலவிட்ட பக்கங்களில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.