எட்டுக் குரலும் ஐந்து குரலும்: காசில்வேனியா 3 இசை பற்றி ஒரு மாற்றுக் கருத்து

பழைய கேம் கன்சோல்களை நோண்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு தீர்ப்பு தவறாமல் வரும். "காசில்வேனியா 3 இசைன்னா ஜப்பான் கேட்ரிட்ஜ்தான். அமெரிக்காவுக்குப் போனது கை கால் வெட்டின பதிப்பு." இதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் தெரிந்த சங்கதிகள். கொனாமி நிறுவனம் 1989-ல் ஜப்பானில் ஃபாமிகாம் கன்சோலுக்கு 'அகுமாஜோ டென்செட்சு' என்ற கேமை வெளியிட்டது. அதே கேம் 1990-ல் அமெரிக்காவில் என்.இ.எஸ். கன்சோலுக்கு 'காசில்வேனியா 3' ஆக வந்தது. மெட்டுகள் ஒன்றுதான், கேட்கும்போதுதான் வித்தியாசம்.

இரண்டு கன்சோலிலும் சத்தம் போடுவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் ஒரு பகுதி. அதில் ஐந்து சானல்கள்: இரண்டு பல்ஸ், ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், சின்னச் சின்ன ஒலிப்பதிவுகளை ஓட்ட ஒன்று. முக்கோண அலைக்கு வால்யூம் கண்ட்ரோலே கிடையாது. ஒலிக்கும், இல்லையென்றால் நிற்கும், அவ்வளவுதான். ஆக, மெட்டு, துணை, பேஸ் எல்லாவற்றையும் பெரும்பாலும் மூன்று சானலுக்குள் முடித்தாக வேண்டும்.

கொனாமி ஜப்பான் கேட்ரிட்ஜுக்குள் வி.ஆர்.சி.6 என்ற சொந்தச் சிப்பை வைத்தது. அது இன்னும் இரண்டு பல்ஸ், ஒரு ரம்பப்பல் அலை, ஆக மூன்று சானல்களைக் கூடுதலாகக் கொடுத்தது. கூட்டினால் எட்டு. அந்த ரம்பப்பல் அலைதான் வயலின் கூட்டம் மாதிரி ஒரு அடர்த்தியைக் கொண்டுவருகிறது.

சரி, இந்தச் சிப்பை அப்படியே அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கலாமே? அங்கேதான் சிக்கல். ஃபாமிகாம் கேட்ரிட்ஜுக்கு 60 பின்கள். அதில் இரண்டு ஒலிக்காகவே: கன்சோலின் சத்தம் ஒன்றின் வழியாகக் கேட்ரிட்ஜுக்குள் போய், அங்கே கலந்து, இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். என்.இ.எஸ். கேட்ரிட்ஜுக்கு 72 பின்கள் இருந்தும் இந்த இரண்டு மட்டும் இல்லை. அதற்குப் பதில் பத்துப் பின்கள் கன்சோலின் அடியில் இருக்கும் விரிவாக்கப் போர்ட்டுக்குப் போகின்றன. அந்தப் போர்ட்டில் மாட்ட நிண்டெண்டோ எதையும் விற்கவே இல்லை. இதில் ஒரு வேடிக்கை: அமெரிக்கப் பதிப்பில் இருக்கும் எம்.எம்.சி.5 சிப்புக்குள்ளும் இரண்டு பல்ஸ் சானல்கள் இருக்கின்றன. வழி இல்லாததால் அவை வாயே திறக்கவில்லை.

இப்போது 'வெட்டின பதிப்பு' என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். சானல்களைத் தனித்தனியாக அணைக்க விடும் ப்ளேயர் ஒன்றில் ஜப்பான் பதிப்பின் முதல் கட்டப் பாட்டான 'பிகினிங்'கை ஓட்டுங்கள். வி.ஆர்.சி.6-ன் மூன்று சானலையும் அணையுங்கள். பிறகு அமெரிக்கப் பதிப்பைக் கேளுங்கள். வெறும் வெட்டு என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையா? இல்லை. முதலாவதில் ஓட்டைகள் கேட்கும். இரண்டாவது ஒரு முழுப் பாட்டாக நிற்கும். அதாவது, யாரோ உட்கார்ந்து எது இல்லாமல் முடியாது, எதை விடலாம் என்று முடிவெடுத்து மறுபடி எழுதியிருக்கிறார்கள். எட்டுப் பேர் கச்சேரியை ஐந்து பேருக்கு மாற்றி எழுதுவதும் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்புவதும் ஒன்றல்ல.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. பின்னால் விரிந்திருந்த அந்த அடர்த்தி போய்விட்டது. விளையாடும்போது இன்னொரு இழப்பும் உண்டு. கேமின் சத்தங்களும் இதே சானல்களைத்தான் கடன் வாங்கும். எட்டில் ஒன்று ஒரு கணம் போனால் காது கவனிக்காது, மூன்றில் ஒன்று போனால் கவனிக்கும். ஆனால் மெட்டுக்கும் பேஸுக்கும் நடுவில் இடைவெளி கிடைத்ததால் மெட்டின் எலும்பு தெளிவாகத் தெரிகிறது. சிப் இசை எழுதக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அமெரிக்கப் பதிப்பைத்தான். ரசித்துக் கேட்க ஜப்பான் பதிப்பு.

இது ஏன் முக்கியம்? பழுதுபார்க்கிறவர்கள் என்.இ.எஸ். அடியில் ஒரு ரெசிஸ்டர் வைத்து அந்த ஒலி வழியைத் திறந்துவிடுகிறார்கள். அடாப்டர் போட்டு ஜப்பான் கேட்ரிட்ஜை மாட்டினால் எட்டுச் சானலும் கேட்கும். நல்ல வேலை, நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்த ரெசிஸ்டரின் அளவுதான் கூடுதல் சானல்கள் எவ்வளவு சத்தமாக ஒலிக்கும் என்று முடிவு செய்கிறது. பலர் 47 கிலோ ஓம் போடுகிறார்கள், சிலர் திருகி மாற்றும் ரெசிஸ்டர் வைத்துத் தங்கள் காதுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துகிறார்கள். இப்படி வந்த பதிவுக்கு 'ஒரிஜினல் சவுண்ட்' என்று பெயர் வைத்தால் எப்படி? எந்த என்.இ.எஸ்.ஸும் கடையில் விற்கப்பட்டபோது அப்படி ஒலித்ததில்லை. அது பழுதுபார்த்தவரின் மிக்ஸிங்.

இன்னொரு பக்கம், அமெரிக்கப் பதிப்பை 1990 முதல் நிஜமாகவே அப்படித்தான் கேட்டார்கள். ஒரு தலைமுறையின் காதில் பதிந்தது அந்த ஐந்து சானல்தான். 'சரியான' பதிப்பு என்று ஒன்றை மட்டும் தூக்கிப் பிடித்தால் இன்னொன்றைப் பாதுகாக்க ஆள் இருக்காது. மறுபடி எழுதியவரின் உழைப்பும் அதோடு சேர்ந்து மறையும்.

ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்வோம். பதிவேற்றும்போது ஒரு வரி சேர்த்தால் போதும்: எந்தக் கன்சோல், எந்தக் கேட்ரிட்ஜ், எத்தனை ஓம். கேட்கிறவர் மீதியை முடிவு செய்துகொள்வார்.